ஒரு சாண் நூல் சொல்லும் ரகசியம்! - வீட்டிலேயே விமானம் கட்டுபவர்களின் காற்றுப் பாடம்

சேலத்திலிருந்து இளம்பிள்ளைக்குப் பேருந்தில் போனால், ஊர் நெருங்குவதைக் கண்ணுக்கு முன்பே காது சொல்லிவிடும். தறிச் சத்தம்! கஞ்சமலையின் பக்கத்தில் இருக்கும் இந்த ஊரில் தெருவுக்குத் தெரு சேலைதான் பேச்சு, சேலைதான் பிழைப்பு. பாவு, ஊடை, ஜரிகை, சாயம் என்று எல்லாவற்றுக்கும் இங்கே கணக்கு உண்டு. கணக்கில்லாமல் கிடப்பது ஒன்றுதான்... தறிக்கு அடியில் அறுந்து விழுந்த நூல் துண்டு. காலையில் பெருக்கும்போது குப்பையோடு குப்பையாகப் போய்விடும்.

அந்த ஒரு சாண் நூலுக்கு வேறொரு உலகத்தில் பெரிய மரியாதை இருக்கிறது. வீட்டுக் கொட்டகையிலும் மொட்டைமாடியிலும் சொந்தக் கையால் விமானம் கட்டுகிறவர்கள், இறக்கையின் மேல் அந்த நூலைத்தான் ஒட்டிப் பார்க்கிறார்கள். லட்சக்கணக்கில் செலவாகும் ஆய்வுக்கூடம் சொல்ல வேண்டிய உண்மையை அந்த நூல் ஓசியில் சொல்கிறது. அது சொல்வதைக் கேட்டவர்கள் பிழைத்திருக்கிறார்கள். கேட்காமல் அவசரப்பட்டவர்களில் சிலர் திரும்பி வரவில்லை.

வீட்டில் விமானமா?

‘விமானம் என்ன, மாட்டுவண்டியா வீட்டில் செய்ய?’ என்று கேட்கத் தோன்றும். ஆனால், உலகின் முதல் விமானமே அப்படி வந்ததுதான். ரைட் சகோதரர்கள் சைக்கிள் கடைக்காரர்கள். 1901-ல் மரப்பெட்டியில் ஒரு காற்றுச் சுரங்கம் செய்து, சுமார் 200 விதமான குட்டி இறக்கைகளை அதற்குள் வைத்துச் சோதித்த பிறகுதான், 1903 டிசம்பர் 17-ம் தேதி அவர்களால் பறக்க முடிந்தது. அந்த இறக்கையின் மேல் போர்த்தியிருந்தது என்ன தெரியுமா? மஸ்லின் பருத்தித் துணி!

நம் ஊரிலும் இந்தக் கதை பழசுதான். சென்னை மவுண்ட் ரோட்டில் ஹோட்டல் நடத்திவந்தவர் கியாகோமோ டி ஏஞ்சலிஸ். ஃபிரான்ஸின் லூயி பிளேரியோ 1909-ல் ஆங்கிலக் கால்வாயை விமானத்தில் கடந்த செய்தி அவரை உசுப்பிவிட்டது. தானே வரைபடம் போட்டு, சிம்சன் நிறுவனத்தில் கொடுத்து ஒரு விமானம் கட்டினார். 1910 மார்ச்சில் பல்லாவரத்தில் அதை ஓட்டிப் பார்த்துவிட்டு, கட்டணம் வசூலித்து மக்களுக்கும் பறந்து காட்டினார். இந்திய மண்ணில் நடந்த முதல் விமானப் பறத்தலாக வரலாற்றாளர்கள் பலர் இதைத்தான் சொல்கிறார்கள். ஒரு ஹோட்டல்காரர் கட்டிய விமானம்!

நூறு ஆண்டு கழித்து, இன்னொரு கதை. கேரளத்தின் தொடுபுழா அருகே பிறந்த சஜி தாமஸுக்குப் பிறவியிலேயே காது கேட்காது, வாய் பேச வராது. படிப்பு 7-ம் வகுப்போடு நின்றது. ரப்பர் தோட்டத்தில் மருந்து தெளிக்க வந்த ஹெலிகாப்டரைச் சிறு வயதில் பார்த்ததிலிருந்து அவருக்கு வேறு நினைப்பே இல்லை. கிடைத்த பொருளை வைத்துப் பல ஆண்டுகள் முயன்று, இரண்டு பேர் உட்காரும் குட்டி விமானம் ஒன்றைக் கட்டினார். 2014-ல் அது மேலே ஏறியது நம் திருநெல்வேலி மாவட்டம் மணிமுத்தாறில்தான். ஓய்வுபெற்ற விமானப்படை அதிகாரி எஸ்.கே.ஜே.நாயர் அதை ஓட்டிக் காட்டினார். பின்னாளில் பிருத்விராஜ் நடித்த ‘விமானம்’ என்ற மலையாளப் படத்துக்கும் இந்த வாழ்க்கைதான் தூண்டுதல்.

மும்பையில் கேப்டன் அமோல் யாதவ் தன் அடுக்குமாடிக் குடியிருப்பின் மொட்டைமாடியில் ஆறு பேர் அமரும் விமானத்தைக் கட்டினார். 2016 பிப்ரவரியில் ‘மேக் இன் இந்தியா’ கண்காட்சிக்காக, அதைக் கழற்றி கிரேன் வைத்துக் கீழே இறக்கினார்கள். 2017-ல் பதிவு எண் கிடைத்தது. பறந்து பார்க்கும் அனுமதி 2019-ல்தான் வந்தது. கட்டிய காலத்தைவிடக் காத்திருந்த காலம் அதிகம் என்று சொல்லும் அளவுக்குப் பொறுமையைச் சோதித்த பயணம் அது.

அமெரிக்காவில் இதற்கென்று தனிப் பிரிவே இருக்கிறது. விமானத்தின் பெரும்பகுதி வேலையைப் பொழுதுபோக்குக்காகவோ கற்றுக்கொள்வதற்காகவோ தாங்களே செய்திருந்தால், ‘பரிசோதனை விமானம்’ என்று பதிவு செய்துகொள்ளலாம். பேச்சுவழக்கில் இதை ‘51 சதவீத விதி’ என்பார்கள்.

இப்படிக் கட்டியவர்கள் எவரும் கட்டியதோடு நிற்பதில்லை. சேலையை நெய்து முடித்த பிறகும் ‘இந்த புட்டாவை இன்னும் கொஞ்சம் தள்ளி வைத்திருக்கலாமே’ என்று யோசிக்கும் நெசவாளி மாதிரி, ‘இங்கே ஒரு மூடி போட்டால் வேகம் கூடுமோ, அங்கே ஒரு தகடு ஒட்டினால் மெதுவாக இறங்குமோ’ என்று கை அரித்துக்கொண்டே இருக்கும். அங்கேதான் காற்றின் பாடம் ஆரம்பிக்கிறது.

காற்று ஒட்டியிருக்கும் வரைதான் விமானம்

வீட்டில் பெரியவர்கள் துணையோடு ஒரு சின்னச் சோதனை செய்து பாருங்கள். மெழுகுவத்தியை ஏற்றி, அதற்கு முன்னால் உருண்டையான ஒரு பாட்டிலை வையுங்கள். பாட்டிலுக்கு இந்தப் பக்கத்திலிருந்து ஊதுங்கள். சுடர் அணைந்துவிடும்! காற்று பாட்டிலின் வளைவில் ஒட்டிக்கொண்டே சுற்றிப் போய், பின்னால் சேர்ந்து சுடரை அணைக்கிறது. இப்போது பாட்டிலை எடுத்துவிட்டு, அதே அகலத்தில் ஒரு தட்டையான அட்டையை நிறுத்தி ஊதுங்கள். சுடர் சாவதில்லை. ஆடும், சில நேரம் உங்கள் பக்கமே சாயும். அட்டையின் விளிம்பில் காற்று பிய்த்துக்கொண்டு போய், பின்னால் சுழல் போடுகிறது.

விமான இறக்கையின் கதையும் இதுதான். இறக்கையின் மேல்பக்கத்தில் காற்று ஒட்டிக்கொண்டு வழிந்து போகும் வரை அது விமானத்தைத் தூக்கும். மூக்கை மேலே மேலே தூக்கிக்கொண்டே போனால், ஒரு கட்டத்தில் காற்று இறக்கையை விட்டுப் பிய்ந்துவிடும். தூக்கும் விசை சட்டென்று குறையும். இதைத்தான் விமானிகள் ‘ஸ்டால்’ என்கிறார்கள். இன்ஜின் நின்றுபோவதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. இன்ஜின் முழு வேகத்தில் ஓடும்போதும் ஸ்டால் ஆகலாம். போதுமான உயரத்தில் நடந்தால் மூக்கைத் தாழ்த்தி மீண்டுவிடலாம். தரைக்குப் பக்கத்தில், இறங்குவதற்குத் திரும்பும்போது நடந்தால் மீள இடமிருக்காது.

காற்று எங்கே ஒட்டியிருக்கிறது, எங்கே பிய்கிறது என்பதைக் கண்ணால் பார்க்க முடியாது. அதற்குத்தான் நூல்!

இறக்கையின் மேல் ஒரு விரல் நீளத்துக்கு நூல் துண்டுகளை வரிசை வரிசையாக ஒட்டுவார்கள். முன்முனையில் மட்டும் டேப். பின்முனை சும்மா ஆடட்டும். வாலில் சின்ன கேமராவைப் பொருத்திவிட்டு, நல்ல உயரத்துக்குப் போய், மெல்ல மெல்ல வேகத்தைக் குறைப்பார்கள். காற்று ஒட்டியிருக்கும் இடத்தில் நூல்கள் தலைவாரிய மாதிரி படிந்து கிடக்கும். காற்று பிய்ந்த இடத்தில் பேய் பிடித்ததுபோல் ஆடும், சில நூல்கள் முன்பக்கமாகவே திரும்பிக்கொள்ளும். தரைக்கு வந்து வீடியோவைப் பார்த்தால் இறக்கையின் முழு ஜாதகமும் தெரிந்துவிடும்.

தறியில் ஓர் இழை தளர்ந்திருந்தால் துணியில் கோடு விழுவதை வைத்தே கண்டுபிடிக்கும் இளம்பிள்ளைக்காரர்களுக்கு இந்த மொழி புரியாமல் போகாது.

எதிர்க்கிற காற்றை ஏமாற்றும் வித்தை

வேகம் வேண்டுமென்றால் பெரிய இன்ஜின் போட்டால் போதாதா? போதாது. காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்தில் கூடும். அதைத் தாண்டத் தேவைப்படும் சக்தி வேகத்தின் கனத்தில் கூடும். அதாவது, வேகமான பறத்தலில் இன்னும் 10 சதவீதம் வேகம் வேண்டுமென்றால், ஏறக்குறைய 33 சதவீதம் கூடுதல் சக்தி வேண்டும். இன்ஜின் பெரிதானால் எடை கூடும், எரிபொருள் கூடும், பர்ஸ் இளைக்கும். எதிர்ப்பைக் குறைப்பதுதான் புத்திசாலித்தனம்.

எங்கெல்லாம் குறைக்கலாம்?

கம்பியும் தூணும்: பார்க்க மெல்லிசாக இருக்கும் உருண்டைக் கம்பிதான் பெரிய திருடன். ஓர் உருண்டைக் கம்பி கொடுக்கும் எதிர்ப்பும், அதைப்போல ஏறக்குறைய பத்து மடங்கு தடிமனுள்ள, கண்ணீர்த்துளி வடிவத் தூண் கொடுக்கும் எதிர்ப்பும் கிட்டத்தட்ட ஒன்று. நம்பக் கஷ்டமாக இருக்கும், ஆனால் நிஜம். பின்பக்கம் வால்போல் மெல்லக் குறுகினால் காற்று பிய்யாமல் சேர்ந்துகொள்ளும். மீனுக்கு இது எப்போதோ தெரியும்.

சக்கர மூடி: மடங்காத சக்கரங்கள் காற்றில் தொங்கிக்கொண்டே வரும். அவற்றுக்கும் அவற்றின் கால்களுக்கும் வழவழப்பான மூடி போட்டாலே வேகமானியில் வித்தியாசம் தெரியும். ஆனால் சேறு நிறைந்த ஓடுதளத்தில் அதே மூடிக்குள் மண் அடைத்துச் சக்கரம் இறுகும் ஆபத்தும் உண்டு.

இறக்கை உடம்போடு சேரும் மூலை: இரண்டு பரப்புகள் கூர்மையாகச் சந்திக்கும் இடத்தில் காற்று குழம்பும். அந்த மூலையை வளைவாக நிரப்பினால் குழப்பம் குறையும். எவ்வளவு வளைவு, எதுவரை என்பதை நூலிடம்தான் கேட்க வேண்டும்.

இடுக்குகள்: இறக்கைக்கும் அதன் பின்னால் அசையும் பலகைக்கும் நடுவே சின்ன இடைவெளி இருக்கும். கீழே அழுத்தமான காற்று, மேலே அழுத்தம் குறைந்த காற்று. இடுக்கு வழியாகக் கசிவு நடக்கும். நாடா ஒட்டி அடைத்தால் பலன் உண்டு. ஆனால் அந்த நாடா ஒருநாள் கழன்று பலகையை இறுக்கிப் பிடித்தால்?

இன்ஜின் குளிரும் காற்று: குளிர்விக்க உள்ளே விடும் காற்று, வெளியே வர வழி சரியில்லாவிட்டால் அதுவே சுமை. வாசலைச் சின்னதாக்கிவிட்டால் வேகம் கூடும். அளவு தப்பினால் இன்ஜின் கொதித்துவிடும்.

இதையெல்லாம் கடைசி வரை செய்து பார்த்தவர் அமெரிக்காவின் மைக் அர்னால்ட். ஏ.ஆர்-5 என்ற ஒற்றை ஆள் விமானத்தை அவரே வடிவமைத்து, அவரே கட்டினார். இன்ஜின் வெறும் 65 குதிரைத்திறன். நம் ஊர்ச் சின்ன கார்களுக்கு இருக்கும் அளவுதான். சக்கரங்கள் மடங்கக்கூட மடங்காது. ஆனால் 1992-ல் அந்த விமானம் மணிக்கு சுமார் 343 கி.மீ. வேகத்தில் பறந்து, தன் எடைப் பிரிவில் உலக சாதனை படைத்தது. இன்ஜினை நம்பிய வேகமல்ல அது. ஒவ்வொரு மூலையையும் தேய்த்துத் தேய்த்து வழவழப்பாக்கிய பொறுமையின் வேகம்.

மெதுவாகப் பறப்பதும் ஒரு வித்தைதான்

‘ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும்’ என்பார்கள். அம்மியைப் பறக்க வைப்பது பெரிய விஷயமில்லை. அதைப் பத்திரமாகத் திரும்ப இறக்குவதுதான் விஷயம்! வீட்டில் கட்டும் விமானங்களில் உயிரைக் காப்பாற்றும் மாற்றங்கள் பெரும்பாலும் வேகத்தைக் கூட்டுபவை அல்ல. மெதுவாக, கட்டுப்பாட்டோடு பறக்க உதவுபவை.

இறக்கையின் முன்விளிம்புக்குச் சற்றுப் பின்னால், விரல் நகம் உயரத்துக்குக் குட்டிக் குட்டித் தகடுகளை ஒட்டுவது ஒரு வழி. ஒவ்வொன்றும் சின்னச் சுழல் ஒன்றைக் கிளப்பும். மேலே வேகமாகப் போகும் காற்றை இழுத்து, பரப்பை ஒட்டிச் சோர்ந்துபோய் வரும் காற்றோடு அந்தச் சுழல் கலக்கும். சோர்ந்த காற்றுக்குத் தெம்பு வந்தால் இன்னும் கொஞ்ச தூரம் ஒட்டிக்கொண்டு ஓடும். ஸ்டால் தள்ளிப்போகும். இறங்கும் வேகம் 10 சதவீதம் குறைந்தால், தரையைத் தொடும்போது விமானத்தில் இருக்கும் ஆற்றல் 19 சதவீதம் குறைந்துவிடும். ஏதாவது தவறு நடந்தாலும் அடி லேசாகப் படும்.

இன்னொரு வழி இதற்கு நேரெதிர். இறக்கை எப்படியும் ஒருநாள் ஸ்டால் ஆகும், ஆனால் எந்த இடம் முதலில் ஆக வேண்டும் என்பதை நாம் முடிவு செய்யலாமே! உடம்போடு ஒட்டிய பகுதியின் முன்விளிம்பில் முக்கோண வடிவப் பட்டை ஒன்றை ஒட்டினால், அந்தப் பகுதி முதலில் ஸ்டால் ஆகும். பிய்ந்த காற்று வாலில் மோதி விமானம் உதறும். விமானிக்கு எச்சரிக்கை கிடைக்கும். இறக்கையின் நுனிப் பகுதி அதுவரை உயிரோடு இருப்பதால், விமானம் ஒரு பக்கமாகக் கவிழாது. நுனியை லேசாகக் கீழ்நோக்கி முறுக்கி வைப்பதும் இதே நோக்கத்துக்குத்தான்.

1970-களிலும் 80-களிலும் நாசாவின் லாங்லி ஆய்வு மையம் சின்ன விமானங்களை வைத்து இதை ஆழமாக ஆராய்ந்தது. இறக்கையின் வெளிப்பாதியில் மட்டும் முன்விளிம்பைக் கொஞ்சம் கீழே வளைத்து ஒட்டியபோது, விமானம் பம்பரமாகச் சுழன்று விழும் போக்கு வெகுவாகக் குறைந்தது. அதே வளைவை இறக்கை முழுக்க ஒட்டியபோது என்ன ஆனது? சுழல் இன்னும் மோசமானது! ‘கொஞ்சம் போட்டால் நல்லது, நிறையப் போட்டால் ரொம்ப நல்லது’ என்ற சமையல் கணக்கு காற்றில் செல்லாது.

மழை நடத்திய பரீட்சை

வீட்டு விமான உலகில் பர்ட் ரூட்டன் பெயரைச் சொன்னால் தெரியாதவர் இல்லை. 1975-ல் பறந்த அவரது ‘வேரி ஈஸி’ விமானத்தின் வரைபடத்தை வாங்கி, உலகம் முழுக்கப் பலர் தங்கள் கார் ஷெட்டில் விமானம் கட்டினார்கள். நுரைப் பலகையை வெட்டி, மேலே கண்ணாடி இழைத் துணியை ஒட்டினால் இறக்கை தயார். வாலுக்குப் பதில் மூக்குப் பக்கம் ஒரு குட்டி இறக்கை. பெரிய இறக்கையின் நுனிகளில் மேல்நோக்கி மடிந்த செங்குத்துத் தகடுகள். இன்று பெரிய பயணிகள் விமானங்களில் ஜன்னல் வழியே நாம் பார்க்கும் அதே ‘விங்லெட்’டை ஆரம்பத்திலேயே சுமந்து பறந்த விமானங்களில் இதுவும் ஒன்று!

எல்லாம் நன்றாக இருந்தது... மழை பெய்யும் வரை.

மழைக்குள் நுழைந்ததும் இந்த விமானங்களில் பலவற்றின் மூக்கு தானாகவே தாழ ஆரம்பித்தது. முன் இறக்கையின் வடிவம், பரப்பு வழவழப்பாக இருந்தால் மட்டுமே ஒழுங்காக வேலை செய்யும் வகை. மழைத்துளிகள் உட்கார்ந்ததும் காற்றின் சீரான ஓட்டம் குலைந்தது. தூக்கும் விசை குறைந்தது. அடித்து ஒட்டிக்கொண்ட பூச்சிகளே கூட இந்த வேலையைச் செய்தன. விமானிகள் பிடியைப் பின்னால் இழுத்துப் பிடித்துச் சமாளித்தார்கள்.

தீர்வு கொடுத்தவர் ஜான் ரான்ஸ் என்ற வடிவமைப்பாளர். நனைந்தாலும் குணம் மாறாத புதிய குறுக்குவெட்டு வடிவம் ஒன்றை அவர் கணக்கிட்டுத் தர, அடுத்து வந்த ‘லாங் ஈஸி’ விமானங்களைக் கட்டியவர்கள் முன் இறக்கையையே அதற்கு மாற்றிக்கொண்டார்கள். பிரச்னை எது என்று தெரிந்து, கணக்குப் போட்டு, சோதித்துச் செய்த மாற்றம். வீட்டு விமான வரலாற்றில் நல்ல மாற்றத்துக்கு இது உதாரணம்.

ஒரு கைப்பிடியின் விலை

கெட்ட உதாரணமும் அதே ‘லாங் ஈஸி’ விமானத்தில்தான் நடந்தது.

உலகப் புகழ்பெற்ற அமெரிக்கப் பாடகர் ஜான் டென்வர், யாரோ ஒருவர் கட்டிய ‘லாங் ஈஸி’யை விலைக்கு வாங்கியிருந்தார். ஒரிஜினல் வரைபடத்தில் எரிபொருள் தொட்டியை மாற்றும் கைப்பிடி விமானியின் கால்களுக்கு நடுவே, கைக்கு எட்டும் இடத்தில் இருக்கும். அந்த விமானத்தைக் கட்டியவர் அதை விமானியின் இடது தோளுக்குப் பின்னால் மாற்றி வைத்திருந்தார். உட்காரும் இடத்துக்குள் எரிபொருள் குழாய் வராமல் இருந்தால் பாதுகாப்பு என்பது அவரது எண்ணம். கெட்ட எண்ணமே இல்லை!

1997 அக்டோபர் 12. கலிஃபோர்னியாவின் மான்டெரே கடற்கரை ஓரம் பறந்துகொண்டிருந்தபோது விமானம் கடலில் விழுந்து டென்வர் இறந்தார். கைப்பிடியை எட்டிப் பிடிக்க உடம்பைத் திருப்பியபோது, தன்னை அறியாமல் காலால் மிதிகட்டையை அழுத்திக் கட்டுப்பாட்டை இழந்திருக்க வேண்டும் என்பதுதான் விபத்து விசாரணையின் முடிவு.

இது காற்றியல் மாற்றம்கூட இல்லை. ஒரே ஒரு கைப்பிடியின் இடம்தான் மாறியது. ஒரு ஆபத்தைத் தவிர்க்கச் செய்த மாற்றம் இன்னொரு ஆபத்துக்குக் கதவைத் திறந்துவிட்டது.

காற்றியல் மாற்றங்களில் இப்படி ஒளிந்திருக்கும் ஆபத்துகள் ஏராளம். வாலில் ஒரு கிலோ எடை கூடினால் விமானத்தின் எடை மையம் பின்னால் நகரும். அளவு தாண்டினால் மூக்கு கட்டுப்படாது. அசையும் பலகைகளுக்கு இன்னொரு கோட் பெயின்ட் அடித்தால்கூட அவற்றின் சமநிலை மாறும். அதிக வேகத்தில் அந்தப் பலகைகள் படபடவென்று அதிர ஆரம்பித்தால், சில நொடிகளில் இறக்கையே பிய்ந்துவிடலாம். அதனால்தான் பெயின்ட் அடித்த பிறகு பலகையைக் கழற்றி, மீண்டும் தராசு பார்ப்பதுபோல் சமநிலை பார்ப்பது கட்டாயமாக இருக்கிறது.

அமெரிக்காவில் வீட்டில் கட்டிய விமானம் முதல் 25 அல்லது 40 மணி நேரம் குறிப்பிட்ட பகுதிக்குள் மட்டுமே சோதனையாகப் பறக்க வேண்டும். பிறகு பெரிய மாற்றம் ஏதாவது செய்தால் மறுபடியும் சோதனைக் காலத்துக்குத் திரும்ப வேண்டும். அனுபவசாலிகளின் வழக்கம் ஒன்று உண்டு: ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டும். மாற்றுவதற்கு முன் எடுத்த அளவையும் பின் எடுத்த அளவையும் நோட்டில் எழுத வேண்டும். பலனில்லை என்றால் கூச்சப்படாமல் கழற்றிவிட வேண்டும்.

தொழில்முறை விஞ்ஞானிகளும் இப்படித்தான் செய்கிறார்கள். பெங்களூரு தேசிய விண்வெளி ஆய்வகத்தின் ‘ஹன்சா’ இரண்டு இருக்கை விமானம் முதலில் பறந்தது 1993-ல். அதன் புதிய வடிவமான ‘ஹன்சா-என்.ஜி.’ 2021 செப்டம்பரில் பறந்தது. அதற்குப் பிறகும், கடல் மட்ட உயரத்தில் எப்படி நடந்துகொள்கிறது என்று பார்க்க 2022-ல் புதுச்சேரிக்குக் கொண்டுவந்து சோதித்தார்கள். ‘ஒருமுறை பறந்தாச்சே’ என்று யாரும் விட்டுவிடவில்லை.

பாவும் ஊடையும் பறக்கின்றன

நூல் வேலை சோதனையோடு முடிவதில்லை. விமானத்தின் தோலே துணிதான்!

ரைட் சகோதரர்கள் பருத்தித் துணியை 45 டிகிரி சாய்வாகப் போர்த்தினார்கள். இழைகள் குறுக்கே ஓடினால் சட்டம் ஆடாமல் இறுகும் என்பது கணக்கு. முதல் உலகப்போர்க் காலத்தில் லினன் துணி. இன்று துணி போர்த்தும் குட்டி விமானங்களுக்குப் பாலியெஸ்டர். அதைச் சட்டத்தில் ஒட்டிய பிறகு, சாதாரண இஸ்திரிப் பெட்டி போன்ற ஒன்றால்தான் இறுக்குகிறார்கள். சுமார் 120 டிகிரியில் ஆரம்பித்து, படிப்படியாக 175 டிகிரி செல்சியஸ் வரை வெப்பத்தை ஏற்றினால் துணி சுருங்கி மேளத்தோல் மாதிரி விறைக்கும். சூடு கூடினால் துணி கெட்டுவிடும். அதனால் ஒவ்வொரு முறையும் வெப்பமானி வைத்துப் பார்த்துவிட்டுத்தான் பெட்டியைத் துணியில் வைப்பார்கள். பாலியெஸ்டர் சேலைக்கு இஸ்திரி போடும்போது வீட்டில் காட்டும் அதே ஜாக்கிரதை!

கண்ணாடி இழையும் கார்பன் இழையும்கூடத் தறியில் நெய்த துணிதான். நேர் நெசவு, சாய்வு நெசவு என்று அங்கேயும் நெசவு வகை பார்த்துத்தான் வாங்குகிறார்கள். எந்தத் திசையில் இழை ஓடுகிறதோ அந்தத் திசையில்தான் பலம். இழை கோணினால் பலம் குறையும். பாவு கோணினால் சேலை கெடும் என்பது இளம்பிள்ளையில் குழந்தைக்கும் தெரிந்த பாடம். அங்கே கெடுவது ஒரு சேலை. இங்கே கெடுவது ஓர் இறக்கை.

ஆசைப்படும் பிள்ளைக்கு என்ன சொல்வது?

சேலம் காமலாபுரம் விமான நிலையம் 1993-ல் திறக்கப்பட்டது. இடையிடையே நின்றுபோன சேவை 2023 அக்டோபரில் மறுபடியும் ஆரம்பித்தது. தலைக்கு மேல் விமானம் போகும்போது அண்ணாந்து பார்க்கும் பிள்ளைகள் இந்தப் பகுதியில் அதிகமாகிவிட்டார்கள். ‘நானும் ஒரு விமானம் செய்யட்டுமா?’ என்று ஒரு பிள்ளை கேட்டால், ‘போய்ப் படிக்கிற வேலையைப் பார்’ என்று வாயை அடைக்க வேண்டாம். ‘செய்’ என்று தட்டிக்கொடுத்துவிட்டு வேடிக்கை பார்க்கவும் வேண்டாம்.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். மனிதர் ஏறும் விமானத்தை நம் நாட்டில் டி.ஜி.சி.ஏ. எனப்படும் சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகத்தின் அனுமதி இல்லாமல் பறக்கவிட முடியாது. மோட்டார் சைக்கிள் இன்ஜினைக் கட்டி வயலில் ஓட்டிப் பார்ப்பது சாகசமல்ல, சட்டப்படி குற்றம், உயிருக்கும் உலை. சஜி தாமஸின் விமானத்தை அனுபவம் வாய்ந்த விமானிதான் முதலில் ஓட்டினார் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

அதற்கு முன்னால் ஏறவேண்டிய படிகள் நிறைய இருக்கின்றன. தெர்மோகோலில் ஒரு கிளைடர் செய்யலாம். மூக்கில் களிமண் ஒட்டி எடை மையத்தை நகர்த்திப் பார்க்கலாம். ஒரே விமானத்தைப் பத்து முறை எறிந்து, எவ்வளவு தூரம் போனது என்று எழுதி வைக்கலாம். பிறகு இறக்கை நுனியை லேசாக மடித்து, மறுபடி பத்து முறை எறியலாம். இரண்டு பட்டியலையும் ஒப்பிடுவதுதான் விமானப் பொறியியலின் முதல் பாடம். கல்லூரிக்குப் போனால், ரிமோட் விமானங்களை வடிவமைக்கும் மாணவர் போட்டிகளை எஸ்.ஏ.இ. இந்தியா போன்ற பொறியாளர் அமைப்புகள் நடத்துகின்றன. விமானப் பொறியியல் படிப்பு சென்னை குரோம்பேட்டை எம்.ஐ.டி-யில் 1949 முதலே இருக்கிறது. அப்துல் கலாம் படித்த இடம் அது.

வீட்டிலேயே செய்ய இன்னொரு சோதனையும் இருக்கிறது. அட்டையை வளைத்து ஒரு குட்டி இறக்கை செய்யுங்கள். அதன் மேல் நான்கைந்து வரிசையாக மெல்லிய நூல் துண்டுகளை ஒட்டுங்கள். டேபிள் ஃபேனுக்கு முன்னால், கம்பி வலைக்குள் விரல் போகாத தூரத்தில் பிடித்து, முன்விளிம்பை மெல்ல மெல்ல உயர்த்துங்கள். முதலில் நூல்கள் ஒழுங்காகப் படிந்திருக்கும். இன்னும் கொஞ்சம் உயர்த்தினால் பின்வரிசை நூல் துடிக்கும். இன்னும் உயர்த்தினால் எல்லாமே கலைந்து ஆடும். அந்தக் கோணத்தைப் பென்சிலால் குறித்து வைக்கச் சொல்லுங்கள்.

உலகின் எந்த மூலையில் விமானம் கட்டுகிறவரும் தேடுவது அந்தக் கோணத்தைத்தான். தேவையான நூலுக்கு இளம்பிள்ளைக்காரர்கள் கடைக்குப் போக வேண்டியதில்லை. காலையில் பெருக்குவதற்கு முன்னால் தறிக்கு அடியில் குனிந்து பார்த்தால் போதும்.